பதிவேட்டில் ஒளிந்த தாய்

லூசியானாவின் கிரியோல் குடும்பங்களைக் களமாகக் கொண்ட மர்மக் காதல் கதைகளில் கொலை நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கல்யாணப் பேச்சு மட்டும் தவறாமல் வரும். பெண்ணின் அம்மா யார், பையனின் பாட்டி எந்தக் குடும்பம் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கதை சூடுபிடித்துவிடும். இதை எழுத்தாளர்களின் கற்பனைக்கான சரக்கு என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்த மர்மத்தை முதலில் எழுதியது சட்டம் என்பேன் நான்.

பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆட்சிக் காலத்தில் அந்த மண்ணில் வேரூன்றியவர்களின் வழிவந்தவர்கள் கிரியோல்கள். வெள்ளையர் உண்டு, அடிமைத்தளை நீங்கி, வீடும் தொழிலுமாக நியூ ஆர்லியன்ஸில் தலைநிமிர்ந்து வாழ்ந்த கலப்பினத்தவரும் உண்டு. ஒரே குடும்பப் பெயர், ஒரே தேவாலயம். ஆனால் 1724இன் சட்டத் தொகுப்பு இந்த இரு தரப்பும் மணந்துகொள்ளத் தடை போட்டது. பணக்கார வெள்ளையர்கள் சின்ன வீடு வைத்துக்கொண்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அப்பா உண்டு, அவர் சொத்தில் முறையான பங்கில்லை. 1870இல் நீங்கிய தடை 1894இல் திரும்பி வந்தது. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே ஒழிந்தது. யாரை மணக்கலாம் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது. எனவே இந்தக் கதைகளில் காதலிக்கிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் துப்பறிவாளன் ஆகிறான்.

இந்தத் துறைக்கு வழிபோட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன் கேபிள். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த வெள்ளையர், கிரியோல் அல்ல. 1879இல் வந்த அவருடைய தொகுப்பில் 'டீட் பூலெட்' என்றொரு கதை. கலப்பினப் பெண் என்று ஊரே நம்பும் நாயகியை ஒரு டச்சு இளைஞன் காதலிக்கிறான். முடிவில் வளர்த்தவள் ஒரு பத்திரத்தை நீட்டுகிறாள்: இவள் என் மகளே இல்லை, ஸ்பானிய வெள்ளைத் தம்பதியின் குழந்தை. தடை விலகுகிறது, சுபம். இதைப் படித்த கலப்பினப் பெண் ஒருத்தி பெயர் போடாமல் கேபிளுக்குக் கடிதம் எழுதினாளாம்: உண்மையைச் சொல்லுங்கள், அவள் அந்தத் தாயின் மகள்தான். கேபிளே இதைப் பின்னாளில் ஒரு முன்னுரையில் சொல்கிறார்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக வந்தது 1881இன் 'மதாம் டெல்ஃபீன்'. இங்கும் ஒரு தாய், இவள் என் மகள் இல்லை என்று சத்தியம் செய்கிறாள். இம்முறை சத்தியம் பொய். மகளின் கல்யாணம் முடிந்ததும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, அந்தக் கூண்டிலேயே உயிரை விடுகிறாள். முதல் கதையின் பத்திரம் சட்டத்தைத் தொடாமல் காதலர்களைக் காப்பாற்றியது. இரண்டாவதில் ஒரு தாய் தன் தாய்மையையே கொடுத்துச் சட்டத்தை ஏமாற்றுகிறாள். கேபிளின் ஆகச் சிறந்த படைப்பு எதுவென்று கேட்டால், ஒரே தந்தைக்குப் பிறந்து ஒரே பெயரைச் சுமக்கும் இரு சகோதரர்கள் வரும் 'தி கிராண்டிசைம்ஸ்' நாவலைப் பலர் சொல்வார்கள். என் வாக்கு 'டெல்ஃபீனு'க்கு. கேபிளின் எழுத்தைக் கண்டு வெள்ளைக் கிரியோல்கள் கொதித்தெழுந்தார்கள். 1885இல் கேபிள் மாசசூசெட்ஸுக்குக் குடிபெயர்ந்தார்.

1893இல் வெளியான கேட் ஷோபினின் 'டெசிரேயின் குழந்தை' சில பக்கக் கதைதான். கண்டெடுத்து வளர்க்கப்பட்ட பெண். அவளுடைய குழந்தையின் நிறம் கணவனை உறுத்துகிறது. அவளே காரணம் என்று தள்ளிவிடுகிறான். அவள் குழந்தையோடு சதுப்பு நிலத்துக்குள் போய் மறைகிறாள். அவள் சாமான்களைக் கொளுத்தும்போது அவன் கையில் ஒரு பழைய கடிதம் சிக்குகிறது. எழுதியவள் அவனைப் பெற்றவள். இதற்குமேல் சொன்னால், படிக்காதவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் துறை பெருத்தது, கொஞ்சம் ஊதியும் போனது. ஃபிரான்சிஸ் பார்க்கின்சன் கீஸின் 'டின்னர் அட் ஆன்ட்வான்ஸ்' (1948) கொலைக் கதையாகச் சரளமாக ஓடுகிறது. வெள்ளைக் கிரியோல் குடும்பங்களின் மேஜையை விட்டு அது எழுந்து வெளியே போகவேயில்லை. அதன் பிறகு வந்த பலவற்றில் மூடுபனி, பாசி தொங்கும் ஓக் மரம், பில்லி சூனியம் எல்லாம் உண்டு, யார் யாருக்குப் பிறந்தார் என்று சொல்லும் பதிவேடு மட்டும் இல்லை. பார்பரா ஹாம்ப்ளியின் 'எ ஃப்ரீ மேன் ஆஃப் கலர்' (1997) விதிவிலக்கு. 1833ஆம் ஆண்டுத் திருவிழாக் காலம். பாரிஸில் அறுவை மருத்துவம் பயின்றும் பியானோ வாசித்துப் பிழைக்கும் பெஞ்சமின் ஜான்வரிதான் துப்பறிகிறார். கொலையானவள் ஒரு 'சின்ன வீட்டு'ப் பெண். ஜான்வரியின் அம்மா முன்பு அப்படி வாழ்ந்தவள், தங்கை இப்போது வாழ்கிறவள். கொலைகாரனைத் தேடும் பாதை சொந்த வீட்டு முற்றத்தைச் சுற்றியே போகிறது.

லலிதா டேடமியின் 'கேன் ரிவர்' (2001) மர்ம நாவல் அல்ல. ஆனால் தன் மூதாதையரைப் பற்றிய ஆவணங்களையும் புகைப்படங்களையும் கதைக்கு நடுவே அச்சிட்டதால், அதைப் படிப்பது வழக்குக் கட்டைப் பிரித்துப் படிப்பது போலிருக்கிறது. பிரிட் பென்னட்டின் 'தி வேனிஷிங் ஹாஃப்' (2020) நாவலில் இரட்டையரில் ஒருத்தி வெள்ளைக்காரியாகவே வாழ்ந்துவிடுகிறாள், கணவனுக்குத் தெரியாது. மற்றவளின் பெயர் டெசிரே. ஷோபினைப் படித்தவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். அடிக்கும் கணவனை விட்டு ஓடிவந்த அவளைத் தேடிப்பிடிக்க அனுப்பப்பட்ட எர்லி ஜோன்ஸ், அவளையே காதலித்து அவளுக்குக் காவலாகிறான். காதலன் துப்பறிவாளன் ஆகும் பழைய கணக்கை இப்படிப் புரட்டிப் போட்டதற்காகவே பென்னட்டுக்கு ஒரு சபாஷ்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 1977இல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த லூசியானாப் பெண் ஒருவர், தன் பிறப்புச் சான்றிதழில் தன்னைப் பெற்றவர்கள் 'கலர்ட்', அதாவது வெள்ளையர் அல்லாதவர் என்று எழுதியிருப்பதைக் கண்டார். அதுவரை வெள்ளையராகவே வாழ்ந்தவர். அவர் தொடுத்த வழக்கில், பதினெட்டாம் நூற்றாண்டு அடிமைப் பெண் ஒருத்தியை அவருடைய மூதாதை என்று அரசுத் தரப்பு முன்னிறுத்தியது. முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பின ரத்தம் இருந்தால் கறுப்பர் என்று சொன்ன 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. ஆனாலும் அவருடைய சான்றிதழைத் திருத்த நீதிமன்றங்கள் மறுத்துவிட்டன.