படியெடுத்தலும் உருவ ஓவியப் பயிற்சியும்

பழைய எண்ணெய் வண்ண ஓவியத்தைப் படியெடுத்து உருவ ஓவியம் பயிலுதலை ஒருசாரார் அடிமைத்தொழில் எனப் பழிப்பர். படி எங்ஙனம் எடுக்கப்படுகின்றது என்பதை ஆராயாதார் கூற்று இஃது என யாம் கருதுகின்றோம்.

மாட்ரிட் நகரத்துப் பிராடோ அருங்காட்சியகத்தில் மோனாலிசா ஓவியத்தின் பழம்படி ஒன்று உளது. அதன் அடிக்கோடுகளை அகச்சிவப்புக் கதிர்கொண்டு ஆய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு ஈண்டு நினைக்கத்தகும். இலியனார்தோ தம் ஓவியத்தில் இடையிடையே செய்த திருத்தங்கள் படியின் அடியிலும் காணப்பட்டன. எனவே, அதனை வரைந்தவர் முடிந்த ஓவியத்தைப் பார்த்து எழுதியவரல்லர். ஆசிரியர் திருத்துந்தோறும் உடன் திருத்தியவர் ஆவர். இரவிவர்மரும் (1848-1906) 1868இல் திருவனந்தபுரம் அரண்மனையில் தியோடர் சென்சன் வரைவதைக் கண்டே இம்முறையைப் பயின்றார் என்பர். அவ்வோவியர் கற்பிக்க இசையவில்லையாம்.

எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. மண்ணிறத்தால் நிழலை மெல்லிதாக வகுத்து, நெற்றி, மூக்கு முதலிய ஒளிபடும் இடங்களில் வண்ணத்தைத் தடித்து இட்டு, உலர்ந்தபின் ஒளி ஊடுருவும் நிறப்படலங்களைப் பரப்புதல் பழைய ஓவியர் பலரின் முறை. மேற்படலத்து நிறத்தை ஒரே கலவையாக்கிப் பூசும் மாணவன் கன்னத்தின் நிறத்தைப் பெறுவான், கன்னத்தைப் பெறான். அச்சுப்படத்தையும் கைப்பேசிப் படத்தையும் பார்த்து எழுதுவோர் பலர்க்கு நேரும் இடர்ப்பாடு இதுவே.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர் மூல எண்ணெய் ஓவியங்களைக் காண்டல் அரிது. ஆயினும் அவர்க்கு அணித்தாகப் பனைமலை உளது. அங்கு இராசசிம்ம பல்லவன் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்கீழ்த் தலைசாய்த்து நின்று சிவனது ஆடலைக் காணும் தேவியின் சுவரோவியம் உளது. அது சுதைமேல் எழுதியது, எண்ணெய் வண்ணமன்று, ஒருவரை நேர்நிறுத்தி எழுதிய உருவப்படமும் அன்று. எனினும் வண்ணம் மங்கிய இடங்களில் கோடே உருவத்தைத் தாங்கி நிற்றலின், முகச்சாய்வும் கழுத்தும் தோளும் ஒன்றற்கொன்று இயையுமாற்றை ஆங்குக் கற்கலாம். புனையா ஓவியம் என்னும் பழந்தமிழ் வழக்கின் பொருளும் ஆங்கு இனிது விளங்கும்.

ஆனால் ஒன்று: சிவனுருவம் பெரிதும் அழிந்துபட்டது. அதனைத் தன் விருப்பம்போல் நிரப்பி எழுதுதல் படியாகாது. செல்லரித்த ஏட்டில் சொற்பெய்து பதிப்பித்தலையே ஒக்கும். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றுப் பதிப்பில் (1894) சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டு விடுத்தார். பனைமலையிற் படியெடுப்போரும் அவ்விடத்தை வெறுஞ்சுவராகவே எழுதுக.