கடைமடையின் பங்கு

அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இணைந்து எழுதிய சிறுநூல் ஒன்றைப் புதுதில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 1991இல் வெளியிட்டது. 'சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்நூலை இன்று மீண்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வானேன் என்று வாசகர் வினவக்கூடும். சுற்றுச்சூழல் ஞாயிறுகளில் நம் ஆலயங்களில் நிகழ்த்தப்பெறும் அருளுரைகளே அதற்குக் காரணம். நாம் அனைவரும் படைப்பைக் கெடுத்தோம், ஆகவே அனைவரும் மனந்திரும்புவோம் என்பதே அவற்றின் பல்லவி. இந்த 'அனைவரும்' என்னும் சொல்லையே இந்நூல் விசாரணைக்கு உட்படுத்துகிறது.

நூல் எழுந்த சூழல் கவனிக்கத்தக்கது. வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனம் 1990இல் வெளியிட்ட அறிக்கை, புவியை வெப்பமாக்கும் வாயுக்களை மிகுதியாக வெளிவிடும் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் நிறுத்தியது. நெல்வயலிலும் கால்நடைகளிடத்தும் எழும் மீத்தேன் வாயுவும் அக்கணக்கில் சேர்ந்திருந்தது. உயிர்வாழ்தற்பொருட்டு உழவன் வயலில் எழுவதையும், செல்வரின் வாகனத்தினின்று எழுவதையும் ஒரே தராசில் இடலாகாது என்பது ஆசிரியர்களின் முதல் மறுப்பு. இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. கடலும் காடும் கரியமில வாயுவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றன. அவ்வாற்றல் மனுக்குலத்தின் பொதுச்சொத்து. எனவே தலைக்கணக்கில் பகிரப்பட வேண்டும். அவ்வறிக்கையோ, எவர் எவ்வளவு வெளிவிட்டனரோ அவ்வளவுக்கேற்பப் பகிர்ந்தது. மிகுதியாக எடுத்தவருக்கே மிகுதியான உரிமை என்றாயிற்று! பின்னர் ஏ. பி. மித்ரா முதலிய நம் அறிவியலாளர் நெல்வயல்களில் நேரடியாக அளந்தபோது, மீத்தேனின் அளவு அயலார் மதிப்பீட்டில் ஏறக்குறையப் பத்திலொரு பங்காகவே இருந்தது.

இவ்வாதத்தை ஓர் ஊரில் வைத்துச் சோதிப்போம். நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில், படுகை அணையினின்று ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதன் நீரால் கரும்பும் வெற்றிலையும் வாழையும் விளைகின்றன. அப்பகுதியின் வெல்ல ஆலைகளில் கொப்பரைக்கு அடியில் எரியும் கரும்புச் சக்கை, அப்பயிர் வளர்கையில் காற்றினின்று பெற்றதையே காற்றுக்குத் திருப்பித் தருகிறது. ஆற்றின் மேற்புறம் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரிவதோ, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுள் கிடந்த நிலக்கரி. இரண்டின் புகையும் கண்ணைக் கரிக்கத்தான் செய்யும். ஆயினும் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல.

வாய்க்கால் பாசனத்தார்க்கு இந்நூலின் நியாயம் எளிதில் விளங்கும். கடைமடைக்கு நீர் வாராதபோது, அனைவரும் சிக்கனமாயிருங்கள் என்று ஒருவர் உரையாற்றினால் தலைமடையார் மட்டுமே மகிழ்வர். மேலே மதகைத் திறந்து வைத்திருப்பவர் யார் என்பதே அங்கு முதலில் எழும் கேள்வி.

எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியரிடம் பொருள் சேர்க்கையில் பவுலும் இந்நியாயத்தையே நாடுகிறார். மன்னாவைச் சேர்த்தோரின் வரலாற்றை அவர் நினைவூட்டுவது இரக்கத்தைத் தூண்டுவதற்கன்று, சமநிலையை வலியுறுத்துவதற்கே. 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் தீர்மானத்தை இதனோடு ஒப்பிடுக. இழப்பும் சேதமும் பற்றிய பிரிவு பொறுப்பேற்பிற்கோ இழப்பீட்டிற்கோ அடிப்படையாகாது என்று அதில் தெளிவாக எழுதி வைத்தனர். 2022இல் ஷார்ம் எல் ஷேக்கில் ஒரு நிதி அமைக்க இசைந்தபோதும், அதைத் தாம் பட்ட கடனாகப் பணக்கார நாடுகள் ஏற்கவில்லை. பட்ட கடனை உதவி என்று பெயரிட்டுக் கொடுப்பதை நாம் ஏற்பதற்கில்லை.

இனி நூலின் குறைக்கு வருவோம். அதன் வாதம் பெரிதும் நாடு என்னும் அலகோடு நின்றுவிடுகிறது. இன்று அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியர் ஒருவருக்குச் சுமார் 2 டன் என்கிறோம். இந்த 2 டன் யாருடையது? கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளியையும், குளிரூட்டிய மாளிகையில் வாழ்ந்து வானூர்தியில் திரிபவரையும் கூட்டி வகுத்த எண் அது. ஏழையின் பங்கைச் செல்வர் செலவிடுகின்றனர்; உலக மன்றத்தில் அதே ஏழையின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர். 2007இல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கை இக்குற்றச்சாட்டையே தன் தலைப்பாக்கிற்று.

நூல் முன்வைக்கும் தீர்வும் இங்கேதான் தடுமாறுகிறது. சமமாகப் பகிர்ந்த உரிமையில் எஞ்சியதை ஏழை நாடுகள் பணக்கார நாடுகளுக்கு விற்கலாம் என்கின்றனர் ஆசிரியர்கள். நாடு பெறும் அப்பணம் ஜேடர்பாளையத்தில் கரும்பு வெட்டுபவரிடம் எவ்வழியாக வந்து சேரும்? 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில் வழங்கப்பட்டது. வேலையிழந்த வெட்டுக்கூலியாளுக்கு ஏக்கரும் இல்லை, வாய்க்காலில் முறையும் இல்லை.