முக்தாவின் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது

மார்ச் மாதம் ஒரு பெண்கள் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு வழக்கம்போல 'பெண்கல்வி'. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு மேற்கோள் என்று நாற்பது சொச்சம் தாள்கள். எல்லாத் தாளும் ஒரே தாள்தான். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்: கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை, தண்ணீர் குடிக்காதவளுக்கு மத்தியானத்துக்கு மேல் கணக்கு ஏறாது. இதற்குத்தான் முதல் பரிசு என்றேன். தலைமையாசிரியை பதறிவிட்டார். "இதை மேடையில வாசிச்சா என் கதி என்னாகும் சார்?" அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட சாவித்திரிபாய் புலே படம்.

அந்த அம்மாவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாழ்ப்பாள் கேட்டு மேலே மூன்று முறை எழுதிப் போட்டவரே அவர்தான். பிரச்சினை வேறு. 'பெண் தலைமை' என்று நாம் கட்டியெழுப்பியிருக்கும் சொல்லாடல் ஒரு பெண் உடலை நாற்காலியில் உட்கார வைப்பதோடு திருப்தியடைந்துவிடுகிறது. நாற்காலியின் வேலை மாறுவதில்லை. கீழே இருப்பவர்களின் பேச்சை மேலே போகவிடாமல் வடிகட்டுவதுதான் அதன் வேலை. அதைப் பெண்ணைக் கொண்டு செய்துகொள்வது அதிகாரத்துக்கு இன்னும் வசதி.

சுவரிலிருக்கும் சாவித்திரிபாயையும் இந்தச் சொல்லாடல் செரித்துவிட்டது. 1848இல் புனேயில் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி; போகிற வழியில் சாணமும் கல்லும்; பையில் ஒரு மாற்றுப்புடவை. எல்லாம் நடந்ததுதான். ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இந்தக் கதையாடலில் அவர் அடி வாங்கும் உடலாக, தியாகத் தாயாக, ஜோதிராவின் துணைவியாக மட்டுமே மிஞ்சுகிறார். புடவையை மாற்றிக்கொண்டு வகுப்புக்குள் போனாரே, அங்கே என்ன நடந்தது? அதை யாரும் கேட்பதில்லை.

அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. புலே தம்பதியரின் பள்ளியில் படித்த முக்தா என்ற மாங் சாதிச் சிறுமி எழுதிய கட்டுரை. வயது பதினான்கு என்கிறார்கள். மாங், மஹார் மக்களின் துயரங்கள் பற்றிய அந்தக் கட்டுரையை 1855இல் அமெரிக்க மிஷனரிகளின் மராத்தி இதழான 'ஞானோதயா' வெளியிட்டது. சூசி தாரு, லலிதா இருவரும் தொகுத்த இந்தியப் பெண்ணெழுத்துத் தொகுதியின் முதல் பாகத்தில் (1991) அதன் ஆங்கில வடிவம் கிடைக்கிறது.

முன்னுரை, பொருளுரை எதுவும் அதில் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே வேதத்தின்மீது பாய்கிறாள். வேதம் பார்ப்பனர்களின் சொத்து என்றால் நமக்கு வேதம் இல்லை. அப்படியானால் நமக்கு மதம் எது என்று நேராகக் கடவுளிடமே கேட்கிறாள். ஒருவருக்கு மட்டும் உரிமை தந்து மற்றவர்களை ஒதுக்குகிற மதம் அழிந்து போகட்டும் என்கிறாள். பிறகு பாஜிராவ் காலத்துக் கொடுமைகள்: உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்து போனவனின் தலையை வெட்டி, வாளை மட்டையாக வைத்துப் பந்தாடியது, மாளிகைகளின் அஸ்திவாரத்தில் மனிதர்களைப் புதைத்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பேஷ்வா ஆட்சி 1818லேயே முடிந்துவிட்டது. முக்தா பிறந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. ஆக இவை அவள் கண்ணால் கண்டவையல்ல, வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவை. சேரியின் வாய்மொழி நினைவு பள்ளிக்கூட நோட்டுக்குள் வந்து இறங்கியிருக்கிறது. பாடப்புத்தகம் வீட்டு நினைவை அழித்துவிடும் என்பதுதான் நம் அனுபவம். அந்த வகுப்பில் அப்படி நடக்கவில்லை.

இன்னோர் இடம். மாங்கும் மஹாரும் படித்துவிட்டால், பார்ப்பனர்கள் உத்தியோகத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுச் சவரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விதவைகளுக்கு மொட்டையடிக்கப் போவதா என்று பாஜிராவ் கேலி செய்வாராம். அந்தக் கேலியில் எழுத்தறிவு, உத்தியோகம், சாதித்தொழில் எல்லாம் இருக்கின்றன. நடுவில் பேசாமல் குனிந்திருக்கும் ஒரு பார்ப்பன விதவையின் தலையும் இருக்கிறது. முக்தா அந்தத் தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எட்டு வருடம் கழித்து, 1863இல், சாவித்திரிபாயும் ஜோதிராவும் கர்ப்பமான பார்ப்பன விதவைகளுக்குத் தங்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். சாதியையும் பெண்ணையும் தனித்தனிப் பத்தியில் எழுதுகிற நம் கோட்பாட்டாளர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்க்கலாம்.

பண்டிதர்களைப் பார்த்து, உங்கள் வெற்று ஞானத்தைக் கொஞ்சம் மூட்டைகட்டிவிட்டு நான் சொல்வதைக் கேளுங்கள் என்கிறாள். கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறும் தன் சாதிப் பெண்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, உங்கள் அனுபவத்தை வைத்து இதை யோசித்துப் பாருங்கள் என்கிறாள். பண்டிதனுக்கு ஏது பிரசவ அனுபவம்! தெரிந்துதான் கேட்டாளோ என்னவோ.

பிரிட்டிஷாருக்கு நன்றி சொல்கிறாளே, இது காலனியப் பிரதியாயிற்றே என்று ஒரு தோழர் சங்கடப்பட்டார். தலை பந்தாகாமல் தெருவில் நடக்க முடிந்ததற்கு ஒருத்தி நன்றி சொன்னால் அதில் நமக்கென்ன சங்கடம்?

சாவித்திரிபாயின் கவிதைத் தொகுப்பு 'காவ்யபுலே' 1854இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே மாணவியின் கட்டுரை அச்சேறுகிறது. தானும் எழுதி, மாணவியையும் எழுதவிட்டு, அவளுடைய கோபத்தில் சிவப்பு மையை ஓட்டாத ஒரு வகுப்பறை அது. தலைமை என்ற சொல்லை நான் இந்த அர்த்தத்தில்தான் புரிந்துகொள்கிறேன்; சாணியடியைத் தாங்கிக்கொண்டதைவிட இது கடினம் என்றுகூடத் தோன்றுகிறது. நம் அரசியல் இயக்கங்களில் எத்தனை தலைவர்கள் இதைச் செய்வார்கள்?

இதற்குப் பிறகு முக்தா எழுதியதாக எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 'படித்தாள், உயர்ந்தாள்' என்று பேனரில் போடத் தோதான கதை அவளிடம் இல்லை. கல்வியால் பெண் பெறும் ஆற்றலை உத்தியோகத்தாலும் சம்பளத்தாலும் அளக்கிறவர்களின் கணக்கில் அவள் தோற்றவள்தான். ஒரு கட்டுரை, அவ்வளவுதான்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக் கடைசியில் ஆறுதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், கொடுத்தார்கள். கட்டுரை வாசிக்கப்படவில்லை. தாளைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பெயரை எடுத்துவிட்டு இந்த இதழிலேயே போட்டுவிடலாமா என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டதற்கு, அவளைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றார்கள். அதுவும் சரிதான். பள்ளி திறந்ததும் போய்க் கேட்க வேண்டும். தாழ்ப்பாளையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.