ராஜ் ராஜரத்தினம்: முதல் அத்தியாயத்தை எப்படிப் படிப்பது?

ராஜ் ராஜரத்தினத்தைப் பற்றி எழுதியவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அனிதா ராகவன் 2013-ல் எழுதிய புத்தகம் அவர் கதையை "இந்திய அமெரிக்க மேல்தட்டின் எழுச்சி" என்ற தலைப்புக்குக் கீழே கொண்டுவருகிறது. சுகேது மேத்தா 2011 அக்டோபரில் நியூஸ்வீக்கில் எழுதிய நீண்ட கட்டுரை அவரை ஒரு வெளியாளாகப் பார்க்கிறது. அவரே 2021-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் அரசுத் தரப்பால் குறிவைக்கப்பட்டவர்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துது. கதை சூடு பிடிப்பதெல்லாம் 2008-க்கு அப்புறம்தான். போன் ஒட்டுக்கேட்பு, கைது, நீதிமன்றம். சின்ன வயசும் படிப்பும் முன்னுரை மாதிரி கடந்து போயிடும். என் கருத்து இதுக்கு நேரெதிர்: வழக்கைப் புரிஞ்சுக்கணும்னா அந்த முன்னுரையைத்தான் நிறுத்திப் படிக்கணும். அவர் மேலே ஏறியதும் கீழே விழுந்ததும் ஒரே பொருளால் ஆனது. அந்தப் பொருளின் பெயர், தெரிஞ்சவங்க.

கொழும்பிலிருந்து வார்ட்டன் வரை

ராஜரத்தினம் 1957-ல் கொழும்பில் பிறந்த தமிழர். அப்பா இலங்கையில் சிங்கர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஆமாம், நம்ம வீட்டுத் திண்ணையில் இருந்த அதே தையல் மெஷின் கம்பெனிதான். படித்தது கொழும்பின் செயின்ட் தாமஸ் பிரிப்பரேட்டரி பள்ளி. பதின்ம வயதில் இங்கிலாந்து, அங்கே டல்விச் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, அது பழைய, பணக்கார ஆண்கள் பள்ளி. நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸ் படித்த இடம். பிறகு சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல். அடுத்து அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்த வருஷம் 1983.

அந்த வருஷத்தைத் தமிழர்கள் யாரும் சும்மா கடந்து போக முடியாது. அவர் பட்டம் வாங்கிய அதே 1983-ன் ஜூலையில்தான் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு முன்பே, எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பொறியியலும் மருத்துவமும் படிக்க நினைத்த தமிழ் மாணவர்களின் கதவைப் பாதி மூடியிருந்தது. அந்தக் கதவில் முட்டி நின்ற பையன்களில் பலர் பிறகு எந்தப் பாதையில் போனார்கள் என்பது நமக்குத் தெரியும். ராஜரத்தினம் அந்த வரிசையில் நிற்க வேண்டிய நிலை வரவில்லை. கதவு மூடும் காலத்தில் அவர் வேறொரு நாட்டில், வேறொரு கதவு வழியாகப் பொறியியலுக்குள் போய்விட்டார்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளையைக் கரை சேர்க்க வசதி இருக்கிற எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். ஆனால் அவரை "அகதியாகப் போய் ஜெயித்த தமிழர்" என்று நம்மில் யாராவது சொல்ல ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். 83-க்கு அப்புறம் உடுத்திய துணியோடு கிளம்பியவர்களின் வலியை, கம்பெனித் தலைவர் மகனின் வெற்றிக்குப் பின்னணி இசையாகப் போடக் கூடாது.

ராகவனின் தலைப்பிலும் எனக்கு இதே சங்கடம் உண்டு. அவர் புத்தகத்தின் கணிசமான பகுதி ரஜத் குப்தாவைப் பற்றியது. டெல்லி ஐ.ஐ.டி., ஹார்வர்டு, பிறகு 1994-ல் மெக்கின்சி நிறுவனத்தின் தலைமை என்று ஏறிய குப்தாவுக்கு "இந்திய அமெரிக்கர்" என்ற சட்டை சரியாகப் பொருந்துகிறது. ராஜரத்தினத்துக்கு இறுக்குகிறது. அவர் கொழும்புத் தமிழர், இங்கிலாந்து வழியாக வந்தவர். அமெரிக்காவுக்குத் தெற்காசியர் எல்லாருமே ஒரே முகமாகத் தெரியலாம். நாம் வாசிக்கும்போது அந்தக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது நல்லது.

வகுப்புத் தோழர்கள்

வார்ட்டனில் ராஜரத்தினத்தோடு படித்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். அனில் குமார் மெக்கின்சிக்குப் போனார். ராஜீவ் கோயல் பிறகு இன்டெல்லில் வேலை பார்த்தார். ராஜரத்தினம் முதலில் சேஸ் மன்ஹாட்டன் வங்கியில் சேர்ந்தார். 1985-ல் நீதம் என்கிற சிறிய முதலீட்டு வங்கிக்கு மாறினார். வேலை, எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளை ஆராய்வது. 1991-ல் அந்த நிறுவனத்தின் தலைவரானார். 1997-ல் நீதம் சகாக்கள் சிலரோடு கேலியன் என்ற ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கினார். 2008 வாக்கில் அது சுமார் 700 கோடி டாலரைக் கையாண்டது. அவருடைய சொந்தச் சொத்து 100 கோடி டாலரைத் தாண்டியது.

அவர் திறமைசாலி என்பதில் சந்தேகம் வேண்டாம். சிப் தொழில் ஒரு அலை மாதிரி ஏறி இறங்கும். எந்த கம்பெனியின் கிடங்கில் சரக்கு தேங்குது, எவனுக்கு ஆர்டர் கூடுது என்பதை மற்றவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் மோப்பம் பிடிப்பவன்தான் நல்ல அனலிஸ்ட். அதற்குக் கம்பெனிக்குள்ளே பேசத் தெரியணும். பொறியாளர்களின் மொழி தெரியணும். அந்தத் தொழிலில் அன்றைக்கு தெற்காசியப் பொறியாளர்கள் நிறைய இருந்தார்கள். பொறியியல் படித்த, கூடப் படித்தவர்களை மறக்காத, விருந்து வைக்கப் பிடிக்கிற ஒரு ஆளுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. தொண்ணூறுகளின் கடைசியிலேயே இன்டெல் ஊழியர் ரூமி கான், கம்பெனியின் உள்விவரங்களை ஃபேக்ஸில் அவருக்கு அனுப்பினார். 2001-ல் அவர் அதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆக 2008-ல் திடீரென்று ஒரு நல்ல மனிதர் வழி தவறினார் என்று கதை சொல்ல முடியாது. கேலியன் வளர்ந்த அதே காலத்தில் இந்தப் பழக்கமும் கூடவே வளர்ந்தது.

மிளகுக் கணக்கு

இன்சைடர் டிரேடிங்னா என்ன என்று கேட்பவர்களுக்கு எங்க ஊர் உதாரணம் சொல்கிறேன். கொல்லிமலையில், வாசலூர்பட்டி பக்கம், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்கள். ஒரு வியாபாரி கொச்சி விலையைத் தினமும் பார்க்கிறார், மழையைப் பார்க்கிறார், மற்ற நாட்டு விளைச்சலைப் படிக்கிறார். விலை ஏறும் என்று கணித்து முன்கூட்டியே வாங்கிப் போடுகிறார். இது உழைப்பு. விற்ற விவசாயிக்கு வருத்தமா இருக்கலாம், ஆனால் ஏமாற்று இல்லை.

இப்போ 2017 டிசம்பரை எடுத்துக்குவோம். வெளிநாட்டு மிளகு மலிவாக வந்து குவிந்ததால், மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த உத்தரவு கையெழுத்தாகும் அறையில் இருந்த ஒருவர், வெளியே வந்ததும் ஒரு வியாபாரிக்குப் போன் போடுகிறார். வியாபாரி அன்று சாயங்காலமே மலையேறி, கிடைத்த மூட்டையெல்லாம் பழைய விலைக்கு வாங்கிவிடுகிறார். லாபம் எங்கிருந்து வந்தது? அவர் மூளையிலிருந்து இல்லை. அந்தத் தகவல் தெரியாமல் விற்றவனின் பையிலிருந்து.

கோல்ட்மேன் சாக்ஸ் விஷயம் கிட்டத்தட்ட இதேதான். 2008 செப்டம்பர் 23, உலகமே வங்கிகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த நேரம். வாரன் பஃபெட் கோல்ட்மேனில் 500 கோடி டாலர் போடுவதை இயக்குநர் குழு போனில் கூடி ஒப்புக்கொண்டது. குழுவில் ரஜத் குப்தா இருந்தார். கூட்டம் முடிந்த ஒரு நிமிடத்துக்குள் குப்தாவிடமிருந்து ராஜரத்தினத்துக்கு அழைப்பு போனது. சந்தை மூடச் சில நிமிடங்களே இருக்கையில் கேலியன் கோல்ட்மேன் பங்குகளை வாங்கியது. செய்தி வெளியானது அதற்கு அப்புறம்தான்.

ராஜரத்தினம் தரப்பின் வாதம், தன்னுடையது மொசைக் வேலை என்பது. பல இடத்திலிருந்து வந்த பொதுத் தகவல் துண்டுகளை ஒட்டி ஒரு படம் பார்ப்பது. இது வெறும் சால்ஜாப்பு இல்லை. நிஜமாகவே அனலிஸ்ட் வேலை அதுதான். ஆனால் நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டுக்கேட்பு உரையாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். நடுவர்கள் நம்பவில்லை. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. அக்டோபரில் 11 ஆண்டு சிறை.

அவருடைய புத்தகத்தில் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதியும் உண்டு. ஒட்டுக்கேட்க அனுமதி கேட்டு அரசு கொடுத்த மனு ஒழுங்காக இல்லை. பங்குச்சந்தை ஆணையம் ஏற்கனவே அவரை விசாரித்து வருவதை அதில் சொல்லவில்லை. நீதிபதி ஹோல்வெல்லே அதைக் கண்டித்தார், ஆனாலும் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2013-ல் தண்டனையை உறுதி செய்தது. போதைக் கும்பலுக்குப் போடுகிற ஒட்டுக்கேட்பை வால் ஸ்ட்ரீட்டுக்குப் போட்டது சரியா என்பது நியாயமான கேள்வி. அதை அவர் கேட்பதில் தப்பில்லை. போனில் பேசியது என்ன என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது, அவ்வளவுதான்.

கொடையும் கதவும்

அவர் பெரிய கொடையாளி. ஹிலாரி கிளின்டன், ஒபாமா உட்பட ஜனநாயகக் கட்சிக்காரர்களின் தேர்தல் நிதிக்குப் பணம் கொடுத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை நிவாரணத்துக்கு அள்ளிக் கொடுத்தார். அவர் உதவியதில் தமிழர் புனர்வாழ்வுக் கழகமும் ஒன்று. அமெரிக்க அரசு 2007 நவம்பரில் அந்த அமைப்பின் சொத்துகளை முடக்கியது. ராஜரத்தினத்தின் மீது இது தொடர்பாகக் குற்ற வழக்கு எதுவும் போடவில்லை. அவரைத் தண்டித்தது பங்கு வியாபாரத்துக்காக மட்டும்தான். இரண்டையும் குழப்பி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம்.

கொடையில் என் கவனம் வேறு இடத்தில் நிற்கிறது. அனில் குமார் நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியத்தின்படி, வருஷத்துக்கு 5 லட்சம் டாலர் தருகிறேன், தகவல் கொடு என்ற பேச்சு 2003-ல் ஒரு தர்மகாரிய நிகழ்ச்சிக்குப் பிறகு வந்தது. பணம் குமாரின் வீட்டுப் பணியாளர் பெயரில் வெளிநாட்டுக் கணக்கு வழியாகச் சுற்றி வந்தது. அதாவது பழைய வகுப்புத் தோழனும் தர்மமும் பேரமும் ஒரே சாயங்காலத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கோயல் கதையில் நட்புக்கடன். குப்தா கதையில் கௌரவமான முதலீட்டுக் கூட்டாளித்தனம். எங்கேயும் கள்ளப் பார்வை பார்க்கும் வில்லன் இல்லை. எல்லாம் ஒருவருக்கொருவர் உதவுகிற நல்ல மனுஷங்க சபை.

ஒரு ஒப்பீடு. பீட்டர் தீல் 2004-ல் ஃபேஸ்புக்கில் போட்டதும் 5 லட்சம் டாலர்தான். அந்த வாய்ப்பு ஸ்டான்ஃபோர்டு காலத்து நண்பர் ரீட் ஹாஃப்மன் வழியாக வந்தது. தீல் பிறகு 2016-ல் டிரம்ப்புக்கு ஆதரவாக 12.5 லட்சம் டாலர் கொடுத்தார். அவர் செய்ததில் சட்டமீறல் எதுவும் இல்லை. பட்டியலிடாத கம்பெனியில் நண்பன் சொல்லி முதலில் நுழைவது முதலீட்டுத் திறமை. பட்டியலிட்ட கம்பெனியில் நண்பன் சொல்லி முதலில் நுழைந்தால் சிறை. இரண்டாவதில் எதிர்ப்பக்கம் ஊர்பேர் தெரியாத ஒருவன் விற்றுக்கொண்டிருக்கிறான் என்பதால் சட்டம் அங்கே கோடு போடுகிறது. கோடு நியாயமானதுதான். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதவைத் திறக்கிற சாவி ஒன்றுதான்.

இதனால்தான் "வெளியாள்" என்ற வர்ணனை எனக்கு ஒட்டவில்லை. நிறத்தில் அவர் வால் ஸ்ட்ரீட்டுக்கு வெளியாளாக இருந்திருக்கலாம். அந்தக் காயம் நிஜம்தான். ஆனால் மெக்கின்சியில் ஒரு தோழன், இன்டெல்லில் ஒரு தோழன், கோல்ட்மேன் இயக்குநர் குழுவில் ஒரு கூட்டாளி உள்ளவரை எந்த அர்த்தத்தில் வெளியாள் என்பது? அவர் குற்றத்தின் பெயரிலேயே "உள்ளே" என்ற சொல் இருக்கிறதே.

அவரிடம் மரியாதைக்குரிய ஒன்றையும் குறிப்பிட வேண்டும். குப்தாவுக்கு எதிராக உதவினால் தண்டனை குறையும் என்ற நிலையில், தான் மறுத்துவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். குமாரும் கோயலும் சாட்சி சொல்லிச் சிறையைத் தவிர்த்தார்கள். குப்தாவுக்கு 2012-ல் 2 ஆண்டு கிடைத்தது. நட்பு அவருக்கு வெறும் கருவி மட்டும் இல்லை போல. அதே நட்புதான் அவரைக் குழியிலும் தள்ளியது.

நம்ம பள்ளிக்கூட விழாக்களில் வெற்றிக் கதை சொல்ல வருகிறவர்கள், "உழைச்சா நீயும் அப்படி ஆகலாம்" என்று முடிக்கிறார்கள். மலையிலிருந்து கிளம்பி நாமக்கல்லில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அது பாதி உண்மை. அவள் உழைப்பாள். ஆனால் அவள் வகுப்பில் நாளைக்கு இன்டெல்லுக்கும் மெக்கின்சிக்கும் போகிறவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இதை மறைத்துவிட்டு உழைப்பை மட்டும் சொன்னால், தோற்கும்போது அவள் தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். அடுத்த முறை யாராவது ஒரு முதலீட்டாளரின் வாழ்க்கைக் கதையை நீட்டினால், படித்த பள்ளி, கூடப் படித்தவர்கள், முதல் பணம் கொடுத்தவர், இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.