கம்பிவடக் காவடி

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. குற்றாலத்தில் அருவிகள் கொட்டும். வீரகேரளம்புதூர்க் கரையில் சிற்றாறு நிறமாறி ஓடும். சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு ஓய்வே இருக்காது. அதே தென்மேற்குக் காற்று வடக்கே பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து பழனிக்குப் போனால் மலைக்கோயில் ரோப் காரை நிறுத்திவிடுகிறது. காற்று ஓங்கினால் ஓட்டம் நிற்கும், தணிந்தால் தொடரும். ஆண்டுப் பராமரிப்பையும் பெரும்பாலும் இந்தக் காற்றுக் காலத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வரிசையில் இதற்கு முணுமுணுப்பு எழுவது உண்டு. எனக்கோ அந்த எந்திரத்தின் மேல் மதிப்பு தொடங்குவதே இங்கேதான். 2007-இல் அங்கே நேர்ந்த விபத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. காற்றுக்கு அடங்கி நிற்கத் தெரிந்த எந்திரத்தில்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார முடியும்.

முருகன் மலையைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்குத் தனி உரிமை உண்டு. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருப்பது வீரகேரளம்புதூரில். அந்த ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவர்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஜமீன்தார் காவடி எடுத்துக் கழுகுமலைக்கு நடந்தபோது கூடவே பாடிச் சென்றதுதான் காவடிச் சிந்து என்று வழிவழியாகச் சொல்வார்கள். தோளில் காவடி ஏறியதும் நடை தானாக ஒரு தாளத்துக்கு வந்துவிடும். தண்டின் இரு பக்கமும் பாரம் சமமாக இருந்தால்தான் அந்தத் தாளம் நிலைக்கும்.

காவடியின் முதல் கதையும் பாரத்தைப் பற்றியதுதான். அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் ஒரு தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் வைத்துத் தெற்கே நடந்தவன் இடும்பன். இளைப்பாற இறக்கி வைத்த இடத்தில் மலைகள் நின்றுவிட்டன. பொதிகைப் பக்கம் வந்து சேர வேண்டிய மலைகள் பழனியோடு தங்கிப்போயின என்பதில் எங்களுக்கு ஒரு செல்ல வருத்தம் உண்டு. ஒரு மலையை மட்டும் தூக்க யாராலும் முடியாது. இரண்டாவது மலையைக் கட்டியதால்தான் முதல் மலை எழுந்தது. பழனி ரோப் காரை அழகாக்குவதும் இதே கணக்குதான்.

மலையடிக் கிரிவீதியில் இருக்கிறது கீழ் நிலையம். 2004 நவம்பரில் ஓட்டம் தொடங்கியது. ஏறுவதற்கு நான்கு பெட்டிகள், இறங்குவதற்கு நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேர். எட்டும் முனையில்லாத ஒரே கம்பிவடத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. வடம் மேலே ஒரு பெரிய சக்கரத்தையும் கீழே ஒரு பெரிய சக்கரத்தையும் சுற்றி வருகிறது. ஏறும் பெட்டிகளின் எடையும் இறங்கும் பெட்டிகளின் எடையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், மோட்டார் தூக்க வேண்டியது ஆட்களின் எடையில் உள்ள வித்தியாசத்தை மட்டும். அதற்கு மேல் உராய்வு, அவ்வளவே. இறங்குகிறவர்களின் மடியைப் பாருங்கள்: பஞ்சாமிர்த டப்பாக்கள், விபூதிப் பொட்டலங்கள். அந்த டப்பாக்களின் கனமும் வடத்தை இழுக்கிறது; எதிரே சந்தன மொட்டையோடு ஏறிக்கொண்டிருக்கும் யாரோ ஒரு பாட்டியை மேலே கொண்டுபோக அதுவும் உதவுகிறது. தரிசனம் முடித்தவர்கள் தரிசனத்துக்குப் போகிறவர்களைத் தூக்கிவிடுகிறார்கள். நேர்த்திக்கடன் தீர்த்து வருகிறவர்கள் இப்படி ஒரு கைங்கரியத்தையும் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

இரண்டு கூட்டமும் ஒரே வடத்தில் எதிரெதிராகப் போவதால் ஒவ்வொரு நடையிலும் பாதி வழியில்தான் சந்திக்கும். மூன்று நிமிடப் பயணத்தில் ஒருசில நொடிதான் அந்தச் சந்திப்பு. அறியாத முகங்கள் எதிர்ப்பெட்டியில் தோன்றும். ஒரு பக்கம் "அரோகரா" என்றால் மறு பக்கத்திலிருந்தும் பதில் வரும். வடத்தைத் தாங்கும் கோபுரத்தின் மேல் உருளை வரிசையைப் பெட்டி கடக்கும்போது வடத்தில் ஓர் அதிர்வு ஓடி இருக்கை வரை இறங்குகிறது. சரிவு கூடினாலும் குறைந்தாலும் பெட்டி மட்டும் நேராகவே தொங்கும். மேலே தொங்குதண்டின் மூட்டு அந்தச் சாய்வை வாங்கிக்கொள்கிறது. மடியிலிருக்கும் தட்டிலிருந்து பூ சரியாது.

எல்லாவற்றையும்விட என்னை அசத்துவது வடத்தின் ஒட்டு. கம்பிவடம் தொழிற்சாலையிலிருந்து இரு முனையோடுதான் வருகிறது. அந்த முனைகளை இணைத்து வளையமாக்க வேண்டும். அதில் முடிச்சுக்கோ கொக்கிக்கோ இடமில்லை. சற்றே தடித்தாலும் உருளையில் இடறும். எனவே இரு முனைகளிலும் ஆறு புரிகளைப் பிரித்து, ஒரு பக்கத்துப் புரியை விலக்கிய பள்ளத்தில் மறுபக்கத்துப் புரியைப் படிய வைத்துக்கொண்டே போகிறார்கள். புரிகள் சந்திக்கும் ஆறு இடங்களும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அமையும். ஒவ்வோர் இடத்திலும் வடத்தின் நடுத்தண்டை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் புரியின் வாலைச் செருகி மறைக்கிறார்கள். இந்த ஒட்டின் நீளம் வடத்தின் தடிமனைப்போல் குறைந்தது 1,200 மடங்கு இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. 40 மில்லிமீட்டர் வடம் என்றால் 48 மீட்டர்! பசை இல்லை, பற்றவைப்பு இல்லை. வடம் இழுபட இழுபட வெளிப்புரிகள் உள்ளே செருகிய வாலை மேலும் இறுக்கிப் பிடிக்கின்றன. பூக்கட்டும் அம்மாள் ஒரு நார் முடியுமிடம் தெரியாமல் அடுத்த நாரைச் சேர்ப்பதுபோல, விரல்நுனி அறிவால் ஆகிற வேலை. பெயர் வெளியே வராத அந்தத் தொழிலாளிகளின் கைகளை நம்பித்தான் எல்லாரும் அந்தரத்தில் தொங்குகிறோம். பராமரிப்பு முடிந்ததும் வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்து, பிறகு எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே பக்தர்களை ஏற்றுகிறார்கள்.

பழனியில் ரோப் கார் வந்த அதே 2004-இல், கொலம்பியாவின் மெதெயின் நகரத்தில் மலைச்சரிவுக் குடியிருப்புகளை மெட்ரோ ரயிலோடு இணைக்கும் கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கியது. சிங்கப்பூரில் ஃபேபர் மலைக்கும் செந்தோசாவுக்கும் இடையே 1974 முதலே ஓடுவது சுற்றுலாவுக்கு. மெதெயினில் ஏறுபவர்களோ வேலைக்குப் போகிற ஏழை மக்கள். பொலிவியாவின் லா பாஸ் 2014-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாட்டுக் கொடியின் நிறங்களில் மூன்று தடங்களைத் தொடங்கிப் பத்துத் தடங்கள் வரை வளர்த்தது. அங்கெல்லாம் இன்னொரு நுட்பமும் உண்டு. நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டி வடத்தின் பிடியை விட்டுவிடுகிறது. வடம் தன் வேகத்தில் ஓட, பெட்டி மட்டும் நடைவேகத்துக்கு இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு, வேகம் பிடித்து மறுபடியும் வடத்தைப் பற்றுகிறது. பழனியில் பெட்டிகள் வடத்தின் பிடியை விடாமல் கூட்டமாகப் போவதால் முழு வடமுமே வேகம் தணிய வேண்டும். மெதெயினைப் பார்த்துப் பழனியை எளியதென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சில நூறு மீட்டர் மலைக்கு அதுவே அளவான வேலை.

தமிழ்நாட்டிலேயே 2024-இல் சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கும் அய்யர்மலை ரத்தினகிரீசுவரர் மலைக்கும் ரோப் கார் வந்தது; முன்னதில் 1,305 படி, பின்னதில் 1,017. நகரப் போக்குவரத்துக்கென்று வாராணசியில் ரயில் நிலையத்திலிருந்து கோதௌலியா வரை சுமார் 3.8 கிலோமீட்டர் தடத்துக்கு 2023 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். படியேற முடிகிறவர்கள் பழனியின் படிகளிலோ யானைப்பாதையிலோ ஏறட்டும். அந்த மூச்சிரைப்புக்கும் ஒரு ருசி உண்டு. பெட்டியில் முதல் இடம் முட்டி தேய்ந்தவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் போக வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பார்க்கும்படி, எந்த நிலையத்திலாவது அந்தப் பெரிய சக்கரத்துக்கு எதிரே ஒரு கண்ணாடிச் சன்னல் வைக்கலாம். பக்கத்தில் பழைய வடத்தில் ஒரு முழம் வெட்டி, ஆறு புரியையும் விரித்து வைத்தால், தொட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். காத்திருக்கும் நேரமும் தெரியாது.