தம் பக்கத்துப் பழியையும் வரைந்தவர்கள்

அமைதி என்றதும் பலருக்கும் நினைவு வருவது பிக்காசோவின் புறா. 1949-இல் பாரிசில் நடந்த அமைதி மாநாட்டின் சுவரொட்டியில் அது இடம்பெற்றது. அந்த ஏப்ரலில் பிறந்த மகளுக்கும் அவர் பலோமா, அதாவது புறா, என்றே பெயர் வைத்தார். அழகிய படம்தான். ஆனால் போரைக் கண்ட ஓவியர்களின் படைப்புகளைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, அமைதியைப் பற்றி அதிகம் உணர்த்தியவை வேறு படங்கள். எதிரி செய்த கொடுமையோடு நிறுத்தாமல், தம் பக்கத்துப் பழியையும் வரைந்தவர்களின் படங்கள் அவை.

வழி காட்டியவர் ஸ்பெயினின் கோயா. 'போரின் பேரழிவுகள்' வரிசையில் பிரெஞ்சுப் படையினரின் வெறியாட்டத்தோடு, ஸ்பானியக் கும்பல் ஒருவனை அடித்து இழுத்துச் செல்வதும் இருக்கிறது. அவர் இறந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863-இல்தான் அந்த வரிசை வெளியானது.

ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸுக்குப் பழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1914-இல் 18 வயது மகன் பீட்டர் போருக்குப் போகத் துடித்தான். தந்தையின் சம்மதம் வேண்டும். கணவர் கார்ல் மறுத்தார். அவரை இணங்க வைத்தவர் கேத்தேதான். அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டான். 1923-இல் வெளியான 'போர்' என்ற ஏழு மரச்செதுக்குப் படங்களில் முதலாவது, தாய் ஒருத்தி தன் சிசுவைத் தானே தூக்கி நீட்டுவது. குற்றத்தை அரசர்கள் மீது மட்டும் சுமத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. மகனுக்கான நினைவுச் சிலைகளை முடிக்க 1932 வரை ஆயிற்று. மண்டியிட்டிருக்கும் அந்தப் பெற்றோருக்கு அவருடைய முகமும் கார்லின் முகமும்தான்.

இந்த வழியில் மிக நீண்ட தூரம் நடந்தவர்கள் ஜப்பானின் மாருகி தம்பதியர் என்பேன். கணவர் இரி ஹிரோஷிமாக்காரர், மைச்சித்திரம் அவர் மரபு. தோஷி எண்ணெய் ஓவியம் பயின்றவர். அங்கே அணுகுண்டு விழுந்த சில நாள்களில் இரி ஊருக்கு விரைந்தார், தோஷியும் பின்னே சென்றார். 1950-இல் அந்த அழிவை வரைந்த 'ஆவிகள்' என்ற ஓவியம் வெளிவந்தது. தோஷி உடல்களை நுணுக்கமாக வரைவார். இரி அவற்றின் மேல் மையை ஊற்றிப் படரவிடுவார். தோஷி மறுபடி கோடுகளை மீட்பார். இப்படியே 1982-க்குள் 15 பெரும் ஓவியங்கள்.

தொடக்கத்தில் அவை எரிந்த ஜப்பானியர்களின் துயரம். 1970-இல் ஓவியங்களோடு அமெரிக்கா சென்றபோது எழுந்த ஒரு கேள்வி அவர்களை உலுக்கியது: ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய நான்ஜிங் படுகொலையைச் சீன ஓவியர் ஒருவர் வரைந்து ஜப்பானுக்குக் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 1975-இல் நான்ஜிங்கை அவர்களே வரைந்தார்கள். அதற்கு முன்பே, 1971-இல், ஹிரோஷிமாவில் மாண்ட அமெரிக்கப் போர்க்கைதிகளை வரைந்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவனின் கையும் அடிக்க ஓங்கும் என்று, இத்தனை ஆண்டுகள் அந்தப் பாதிப்பையே வரைந்தவர்கள் ஒப்புக்கொண்டது எளிய காரியமல்ல.

1972-இல் வந்த 'காக்கைகள்' முன்னால்தான் நான் நெடுநேரம் நின்றுவிடுகிறேன். கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் அந்தக் குண்டில் இறந்தார்கள். அவர்களின் பிணங்கள் கடைசிவரை அள்ளப்படாமல் கிடந்தன. கரிய மையில் மொய்த்து இறங்குகின்றன பறவைகள். அவற்றின் நடுவே கொரியப் பெண்கள் உடுத்தும் வெள்ளை உடை ஒன்று, உள்ளே ஆளில்லாமல், மிதந்துகொண்டிருக்கிறது.