இழவும் நகையும்: ‘ஏலே’ படத்தின் விளிமொழி

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைக்கிறார். அழுகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்று இழவு. ஆங்கு இழத்தல் என்னும் பொதுப்பொருளில் நின்ற இச்சொல், இன்றைய வழக்கில் சாவையும் சாவுச் சடங்கையும் குறிப்பதோடு அமையாமல், ‘என்ன இழவு இது’ எனச் சலிப்பையும் குறிக்கிறது. அழுகைக்குரிய சொல்லொன்று நகையின் எல்லைக்குள் வந்து சேர்ந்துள்ளது. ஹலிதா ஷமீம் இயக்கிய ‘ஏலே’ இயங்குவதும் இவ்வெல்லையில்தான்.

திரையரங்குகளுக்கென உருவான இப்படம், வெளியீடு குறித்த உடன்பாடின்மையால் 2021 பிப்ரவரி 28 அன்று விஜய் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. அதனால் மும்பையின் பாண்டுப் போன்ற புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் மூன்று தலைமுறையாக ஒருங்கிருந்து இதனைக் காண முடிந்தது. சாவைப் பற்றிய நகைச்சுவையை வீட்டுக் கூடத்தில் பாட்டியும் பேரனும் ஒருசேரக் காண்பது எளிய செய்தியன்று.

பனிக்கூழ் விற்கும் முத்துக்குட்டி (சமுத்திரக்கனி) இறந்த செய்தி கேட்டு மகன் பார்த்தி (மணிகண்டன்) ஊர் திரும்புகிறான். அவனுக்கு அழுகை வரவில்லை, பசி வருகிறது. பரோட்டா தின்னப் போகிறான். நன்னூல் கூறும் தகுதி வழக்குகளுள் மங்கலம் ஒன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் அதற்குக் காட்டுகள். சொல்லுக்குரிய இம்மங்கலத்தைச் சமூகம் முகத்துக்கும் விதித்துள்ளது. பார்த்தி மீறுவது அந்த விதியையே. அவனை அன்பற்றவன் எனக் கருதுவது பிழையான வாசிப்பு என்பது எம் கருத்து.

படத்தின் பெயர் தனியே ஆராயத்தக்கது. ‘ஏலே’ தென்மாவட்டங்களில் பெரிதும் வழங்கும் விளி. சங்க நூல்களின் ‘எல்லா’, ‘எலுவ’ முதலிய விளிகளை இது நினைவூட்டும். ஒத்தாரையும் இளையாரையும் அழைப்பதற்கே இது உரியது. தந்தை மகனை ‘ஏலே’ என்னலாம், மகன் தந்தையை அவ்வாறு அழைத்தல் மரபன்று. ஒரே சொல் ஏற்ற இறக்கத்தால் கொஞ்சலாகவும் அதட்டலாகவும் ஆகும். ஒப்பாரியோ ‘ராசாவே’, ‘ஐயாவே’ என உயர்த்தும் விளிகளால் நிறைவது. அங்கே இருப்பவர் இறந்தவரை அழைக்கின்றனர். இப்படத்தின் பெயரிலோ இறந்தவர் இருப்பவனை அழைக்கிறார். மகன் அழாதது ஏன் என்பதற்கு விடையும் இங்கு உண்டு: தந்தையின் அதட்டல் அவன் செவியில் இன்னும் ஓயவில்லை, விளி ஓயாத இடத்தில் ஒப்பாரிக்கு இடமில்லை.

இவ்வகைப் பிற படங்களின் பெயர்களும் ஒப்புநோக்கத்தக்கன. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் மலையாளப் படமான ‘ஈ.மா.யௌ.’ (2018), இறப்போர் செவியில் ஓதப்படும் திருப்பெயர்களின் சுருக்கம். மும்பை மருத்துவமனையில் உயிருக்குப் போராடும் முதியவரைச் சூழ்ந்து உறவினர் திரளும் ராஜேஷ் மாபூஸ்கரின் மராட்டியப் படம் ‘வெண்டிலேட்டர்’ (2016), பொறியின் பெயரையே ஏற்றது. ஒன்றில் மன்றாட்டு, ஒன்றில் பொறி; தமிழில் விளி.

குறையும் உண்டு. பிணம் காணாமற் போன பின்னர் நிகழ்ச்சித் திருப்பங்கள் மிகுகின்றன. சொல்லிலும் மௌனத்திலும் பிறந்த நகை சூழ்ச்சியின் நகையாகச் சுருங்கிவிடுகிறது. பார்த்தியின் பசிக்கு இருந்த ஆழம் அத்திருப்பங்களுக்கு இல்லை.

பாண்டுப்பில் நெல்லை வழியினரான முதியோர் இன்றும் சாவு வீட்டிற்குக் ‘கேதம் கேட்க’ச் செல்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் மும்பை இந்தியில் ‘ஆஃப் ஹோ கயா’ என்கின்றனர். மராட்டியில் மதிப்புடன் ‘வார்லே’ எனவும் அறிவர். கேதம் அவர்களுக்கு விளங்குவதில்லை. ஒளிபரப்பின்போது ‘ஏலே’ என்றால் என்ன பொருள் என்று சிறுவன் ஒருவன் கேட்டான். முதியவர் சற்றே திகைத்தார். பொருள் கூற இயலாமல், ‘ஏலே, இங்க வா’ என்று அவனையே அழைத்துக் காட்டினார்.